கரன்ட் போய் வந்தால் காணாமல் போகும் பிரிண்டர்: ராயபுரத்து வீடு ஒன்றில் ஐபி முகவரிகளை நிலைப்படுத்திய நிகழ்வு

பின்னணி

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு பழைய வீடு. தரைத்தளம், அதற்கு மேல் ஒரு மாடி. மெட்ராஸ் டெரஸ் தளம், தடித்த சுவர். வீட்டுப் பெரியவர் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் கிளியரிங் ஏஜென்ட். கஸ்டம்ஸ் ஹவுஸ் வேலைக்கான ஆவணங்களை வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் தயார் செய்கிறார், தினமும் காலையில் கட்டுக்கட்டாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலைக்குக் கிளம்புவார். மருமகள் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை, பெரும்பாலும் மாடியறையிலிருந்தே பார்க்கிறார். பெரியவரின் மனைவி, பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர்.

நெட்வொர்க் என்று பார்த்தால் பெரிதாக எதுவும் கிடையாது. ஹாலில் ஃபைபர் வந்து சேரும் ரூட்டர், அதன் பக்கத்திலேயே நான்கு கேமராவின் படங்களைப் பதிவு செய்யும் டிவிஆர், முன்னறையில் வைஃபை பிரிண்டர், மேசைக் கம்ப்யூட்டர். மாடிக்குச் சிக்னல் சரியாக ஏறாததால் அங்கே தனியாக இன்னொரு ரூட்டர் வாங்கிக் கேபிள் இழுத்து மாட்டியிருந்தார்கள். மற்றபடி லேப்டாப், டிவி, ஆளுக்கொரு செல்போன். இன்றைக்குச் சென்னையில் பாதி வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன, அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

என்னைக் கூப்பிட்டது மகன். பக்கத்துத் தெரு என்பதால் பழக்கம், எனக்கு நெட்வொர்க் வேலை என்றும் தெரியும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணே, ஸ்டாட்டிக் ஐபி வாங்கினா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க, மாசாமாசம் தனியா காசு கட்டணுமாம், வாங்கிடலாமா?"

சொல்லப்பட்ட புகார்கள்

மகன் சொன்னவை மூன்று. கரன்ட் போய் வந்தால் பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டும். அவர் அதை அழித்துவிட்டு மறுபடி சேர்ப்பார், வேலை செய்யும், அடுத்த கரன்ட் கட் வரை. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தபோது பிரிண்டர் பட்டியலில் ஒரே பெயர் காப்பி 1, காப்பி 2 என்று காப்பி 6 வரை வரிசையாக நின்றது. இரண்டாவது, வெளியில் இருக்கும்போது செல்போனில் கேமரா சில நாள் தெரியும், சில நாள் சுற்றிக்கொண்டே நிற்கும். மூன்றாவது, மாடியிலிருந்து பிரிண்டரைத் தேடினால் வருவதே இல்லை.

நான்காவதாக ஒரு புகார் அந்த வீட்டில் இருந்தது, ஆனால் யாரும் அதைப் புகாராக எடுத்துக்கொள்ளவில்லை. நான் ஹாலில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது, பேரப்பிள்ளைகள் ஆயா என்று கூப்பிடும் பெரியவரின் மனைவி சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கும் போன்ல நாடகம் பாதியில நின்னு நின்னு போவுதுப்பா, கேட்டா ஆயா போன் பழசுன்றாங்க." விஷயத்தின் முடிச்சே அதில்தான் இருந்தது.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது

ஐபி என்பது நெட்வொர்க்கில் ஒரு கருவியின் எண் முகவரி, ஸ்டாட்டிக் என்றால் மாறாதது. காசு கட்டி வாங்கும் ஸ்டாட்டிக் ஐபி, வெளியுலகத்துக்கு அந்த வீட்டின் முகவரி. வீட்டுக்குள் பிரிண்டருக்கும் டிவிஆருக்கும் நாம் கொடுப்பது உள் முகவரி, அதற்கு யாருக்கும் ஒரு பைசா கட்ட வேண்டாம். 192.168 என்று தொடங்கும் எண்கள், 10 என்று தொடங்கும் எண்கள், 172.16 முதல் 172.31 வரையுள்ளவை ஆகிய மூன்று தொகுதியும் 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் வழியாகத் தனியார் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, எந்த வீட்டிலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பிரிண்டர் காணாமல் போவது முழுக்க முழுக்க உள் விவகாரம். வெளி ஐபியை வாங்கினாலும் அது அப்படியேதான் காணாமல் போகும்.

அடுத்து ரூட்டரில் இணைய நிறுவனம் கொடுத்திருக்கும் முகவரியைப் பார்த்தேன். 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான அந்தத் தொகுதி, பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்துவைக்க நிறுவனங்கள் பயன்படுத்துவதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டது. அப்படியிருக்கையில் வெளியிலிருந்து வருவதை டிவிஆருக்குத் திருப்பிவிடக் கேமரா மாட்டினவர் ரூட்டரில் போட்டு வைத்திருந்த போர்ட் ஃபார்வர்டிங்கால் ஒரு பயனும் இல்லை, வெளியிலிருந்து யாரும் அந்த வாசல் வரை வரவே முடியாது. டிவிஆர் கம்பெனியின் செயலி, டிவிஆரின் சீரியல் எண்ணை வைத்துத் தன் சர்வர் வழியாக இணைத்துக்கொள்வதால்தான் கேமரா தெரிகிற நாட்களில் தெரிந்தது. ஆகவே வெளி ஐபி வேண்டாம் என்று அங்கேயே முடிவு. வேலை செய்யாத ஃபார்வர்டிங்கையும் எடுத்துவிட்டேன்.

போய்ப் பார்த்ததில் தெரிந்தது

ரூட்டர் 192.168.1.2 முதல் 192.168.1.254 வரை எல்லா முகவரியையும் கேட்பவருக்கெல்லாம் கொடுக்கும்படி இருந்தது. டிஹெச்சிபி என்கிற இந்த வேலை வாடகைக்கு விடுவது மாதிரி: கருவி கேட்கும், ரூட்டர் ஒரு காலக்கெடுவோடு கொடுக்கும், பாதிக் கெடு ஆனதும் கருவி நீட்டிக்கச் சொல்லிக் கேட்கும். இங்கே கெடு 24 மணி நேரம். ஆனால் இந்த ரூட்டர் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலைத் தற்காலிக நினைவில் மட்டும்தான் வைத்திருந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தேன், பட்டியல் காலி. முதலில் வந்து கேட்பவருக்கு முதல் எண் என்று மறுபடி தொடங்குகிறது. நேற்று கடைசி எண் 7-ஆக இருந்த பிரிண்டர் இன்று 12, கம்ப்யூட்டரோ 7-ஐயே தட்டிக்கொண்டிருக்கும். காப்பி 1 முதல் காப்பி 6 வரைக்குமான கதை அவ்வளவுதான்.

டிவிஆர் வேறு மாதிரி. கேமரா மாட்டினவர் அதற்கு 192.168.1.10 என்று டிவிஆரின் மெனுவுக்குள்ளேயே கையால் போட்டிருந்தார். நிலையாக இருக்கட்டும் என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் அந்த 10 ரூட்டர் மற்றவர்களுக்குக் கொடுக்கும் எண்களுக்கு நடுவில் கிடக்கிறது. டிவிஆர் ரூட்டரிடம் எதையும் கேட்பதே இல்லை என்பதால், அப்படி ஒரு ஆள் 10-இல் குடியிருப்பது ரூட்டரின் பட்டியலில் ஏறாது.

சந்தேகத்தை உறுதி செய்ய வேண்டியிருந்தது. லேப்டாப்பிலிருந்து 192.168.1.10-க்கு நிற்காமல் பிங் ஓடவிட்டேன், அதாவது அங்கே ஆள் இருக்கிறதா என்று தட்டிக் கேட்டுக்கொண்டே இருப்பது. 2 மில்லிசெகண்ட், 2 மில்லிசெகண்ட் என்று சீராகப் பதில் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவிஆரின் கேபிளைப் பிடுங்கினேன். ஒன்றிரண்டு வரி தவறியது, அப்புறம் மறுபடி பதில் வர ஆரம்பித்தது, இந்தத் தடவை 90, 14, 160 என்று தாறுமாறாக. கேபிள் என் கையில் இருக்கிறது, 10 பதில் சொல்கிறது. வயரில் இருக்கும் கருவி இப்படித் தள்ளாடாது, தூங்கித் தூங்கி எழும் செல்போன்தான் இப்படிப் பதில் சொல்லும். எந்த ஐபி எந்தக் கருவியிடம் என்று காட்டும் ஆர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் 10-க்கு நேரே இருந்த மேக் முகவரி, அதாவது கருவியின் அடையாள எண், மாறியிருந்தது, டி-ஏ என்று தொடங்கியது. மேக்கின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் பதித்த எண் அல்ல, கருவியே தனக்குத்தானே உருவாக்கிக்கொண்டது. ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும் ஐஓஎஸ் 14-இலிருந்தும் செல்போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் இப்படி ஒரு முகமூடி எண்ணைத்தான் காட்டுகின்றன. சரி, யாருடைய போன்? ஒவ்வொருவராக வைஃபையை அணைக்கச் சொன்னேன். ஆயா அணைத்ததும் பிங் நின்றது.

நடந்தது இதுதான். கரன்ட் வந்ததும் ரூட்டர் சீக்கிரம் எழுந்துவிடுகிறது. பேட்டரியில் இருக்கும் போன்கள் உடனே வந்து முகவரி கேட்கின்றன. டிவிஆர் ஹார்டுடிஸ்கைச் சரிபார்த்து எழ நேரமெடுக்கிறது. அந்த இடைவெளியில் 10 காலியாக இருப்பதாக நினைத்து ரூட்டர் அதை ஒரு போனுக்குக் கொடுத்துவிடுகிறது. பிறகு டிவிஆர் எழுந்து, யாராவது இருக்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் 10-இல் உட்கார்கிறது. ரூட்டர் எந்த மேக்கை நினைவில் வைத்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் தகவல் போகும், சில நிமிஷத்தில் அது மாறும். கேமரா தெரிந்தால் நாடகம் நிற்கும், நாடகம் ஓடினால் கேமரா நிற்கும். எந்தப் போனுக்கு 10 கிடைக்கிறது என்பது ஒவ்வொரு தடவையும் மாறுவதால் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை.

மாடி ரூட்டர் தன் பங்குக்குத் தனி நெட்வொர்க் நடத்திக்கொண்டிருந்தது, 192.168.0 என்று. கீழேயிருந்து வந்த கேபிளை அதன் வேன் துளையில், அதாவது வெளி இணையத்துக்கான துளையில், செருகியிருந்தார்கள். ஆக மாடியில் இருப்பவர்களுக்குக் கீழே இருக்கும் பிரிண்டர் கண்ணிலேயே படாது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மகனின் யோசனை, கேமராக்காரர் செய்ததைப் போலவே பிரிண்டரின் பேனலிலும் கையால் ஒரு எண்ணைப் போட்டுவிடலாம் என்பது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படிப் போட்டால் முகவரியோடு சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் எல்லாவற்றையும் ஒவ்வொரு கருவியிலும் உட்கார்ந்து போட வேண்டும், பிரிண்டரை ஒரு தடவை ரீசெட் செய்தால் எல்லாம் போய்விடும். அதைவிட முக்கியம், எந்த எண் யாரிடம் இருக்கிறது என்பதை எங்கேயும் போய்ப் பார்க்க முடியாது. டிவிஆரில் நடந்ததும் இதுவே. ரூட்டரிலேயே ரிசர்வேஷன் போட்டால், அதாவது இந்த மேக் வந்து கேட்டால் எப்போதும் இந்த எண்ணையே கொடு என்று பதிந்துவிட்டால், கருவி வழக்கம்போலக் கேட்டு வாங்கிக்கொள்ளும், எண் மட்டும் மாறாது. கரன்ட் போனாலும் அந்தப் பதிவு அழியாது. நிலையான முகவரி வேண்டும் என்று வீட்டில் யார் கேட்டாலும் நான் இந்த வழியைத்தான் சொல்வேன், கருவியில் கையால் போடுவது வேறு வழியே இல்லாதபோதுதான்.

ஆக, ரூட்டர் பொதுவாகக் கொடுக்கும் எண்களை 100 முதல் 199 வரை என்று சுருக்கினேன். இந்த ஒரு மாற்றத்திலேயே டிவிஆரின் 10 பாதுகாப்பான பக்கத்துக்கு வந்துவிட்டது, டிவிஆரைத் தொடவே இல்லை. தொடவும் முடியாது, அதன் பாஸ்வேர்டு கேமரா மாட்டினவரிடம் மட்டும்தான் இருந்தது. பிரிண்டருக்கு 20 என்று ரிசர்வேஷன். பிரிண்டர்களில் வயருக்கு ஒரு மேக், வைஃபைக்கு இன்னொரு மேக் இருக்கும், எதில் இணைந்திருக்கிறதோ அதைத்தான் பதிய வேண்டும். பல பேர் அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். கம்ப்யூட்டரில் காப்பிகள் அத்தனையையும் அழித்து, தானாகத் தேடிச் சேர்க்கும் முறையை விட்டுவிட்டு, டிசிபி ஐபி போர்ட் என்று 192.168.1.20-ஐ நேரடியாகக் கொடுத்துச் சேர்த்தேன்.

மாடி ரூட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் ஆக்கினேன், அது வைஃபையை மட்டும் பரப்பினால் போதும், முகவரி கொடுப்பது ஒரே ஆள்தான், கீழே இருப்பவர். அதற்கும் ரிசர்வேஷன் வழியாகவே 2.

செல்போன்கள், டிவி, லேப்டாப் எதற்கும் நிலையான எண் கொடுக்கவில்லை. மற்றவர் தேடிப் போகும் கருவிக்குத்தான் அது தேவை. தேடிப் போகிறவருக்கு எந்த எண் இருந்தால் என்ன?

பதிவு வேண்டுமே என்றதும் பெரியவர் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். கருவி, இருக்கும் இடம், மேக், முகவரி, போட்ட தேதி என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை எண்ணிக் கணக்கெழுதிய கை. நான் மேக்கைப் படித்தபோது ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார், "தம்பி, இது எட்டா, பி-யா?" என்று கேட்டு ஸ்டிக்கரைத் தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிரிண்டரில் நான் 8 என்று வாசித்தது பி-தான்.

தொடர்ந்து நடந்தவை

மெயினை அணைத்துப் போட்டுச் சோதித்தோம். பிரிண்டர் 20-இலேயே வந்து நின்றது. ஆயாவின் போன் 100-க்கு மேல் ஒரு எண்ணை வாங்கிக்கொண்டது, நாடகம் நிற்கவில்லை. மாடியிலிருந்தும் பிரிண்ட் வந்தது.

அந்த வாரத்திலேயே டிவிஆர் மறுபடி விட்டுவிட்டுத் தெரிந்தது. இந்தத் தடவை முகவரி மோதல் இல்லை, கேபிளைப் பிடுங்கினால் பிங் உடனே நின்றது. கேபிள் முனையை வெளிச்சத்தில் பார்த்தால் உலோகத் தகடுகளில் பச்சை பூத்திருந்தது. கடல் காற்று. காசிமேடு, ராயபுரம் பக்கம் இது சகஜம், மூன்று நான்கு வருஷத்தில் முனை அரித்துப் போகும். வெட்டிப் புது முனை கிரிம்ப் செய்ததும் சரியானது.

பெரிய விஷயம் திங்கட்கிழமை காலையில் வந்தது. மருமகள் கூப்பிட்டார்: "அண்ணா, மீட்டிங் எல்லாம் நல்லா ஓடுது, விபிஎன்னும் கனெக்ட் ஆகுது, ஆஃபீஸ் ஃபைல் சர்வர் மட்டும் திறக்க மாட்டேங்குது." விபிஎன் என்பது வீட்டு லேப்டாப்பை ஆஃபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் தனி வழி. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்க்கச் சொன்னேன், திறந்தது. அப்போதே காரணம் புரிந்துவிட்டது. அவருடைய ஆஃபீஸ் சர்வரும் 192.168.1 தொகுதியில்தான் இருக்கிறது. மாடி ரூட்டர் தனி நெட்வொர்க்காக இருந்தவரை அவர் 192.168.0-இல் இருந்தார், மோதல் இல்லை. ஒரே நெட்வொர்க் ஆக்கியதும் லேப்டாப் அந்த சர்வரை இதே வீட்டுக்குள் தேடுகிறது, விபிஎன் பக்கம் போவதே இல்லை.

மாடி ரூட்டரைப் பழையபடி மாற்றினால் அவருக்குச் சரியாகிவிடும், பிரிண்டர் மறுபடி போய்விடும். ஆகவே வீட்டின் தொகுதியையே மாற்றுவது என்று முடிவெடுத்தோம். 0, 1 இரண்டும் ரூட்டர்கள் ஆலையிலிருந்து வரும்போதே வைத்திருக்கும் எண்கள், எங்கே போனாலும் இடிக்கும். 10 என்று தொடங்கும் பெரிய தொகுதியை ஆஃபீஸ்கள் நிறைய பயன்படுத்தும். மருமகள் தன் ஆஃபீஸ் ஐடி ஆட்களிடம் விசாரித்துச் சொன்ன பிறகு 192.168.57 என்று வைத்தோம். அந்த 57-க்குத் தனி விசேஷம் எதுவும் கிடையாது, யாரும் அதிகம் வைக்காத எண், அவ்வளவே.

ரிசர்வேஷனின் அருமை அன்றைக்கு நன்றாகத் தெரிந்தது. பிரிண்டரையும் மாடி ஆக்ஸஸ் பாயின்ட்டையும் தொடவே வேண்டியிருக்கவில்லை. ரூட்டரில் நோட்டைப் பார்த்து எண்களை மாற்றி எழுதி, எல்லாவற்றையும் ஒரு தடவை அணைத்துப் போட்டோம், புது எண்ணை வாங்கிக்கொண்டு வந்தன. கம்ப்யூட்டரில் பிரிண்டர் போர்ட்டை மட்டும் 192.168.57.20 என்று திருத்தினோம். உள்ளே போய்க் கையால் மாற்ற வேண்டியிருந்த ஒரே கருவி டிவிஆர். அதற்குக் கேமரா மாட்டினவர் வர வேண்டியிருந்தது. பாஸ்வேர்டைச் சொல்ல அவர் தயங்கினார், மற்ற வீடுகளுக்கும் அதையேதான் வைத்திருந்தாராம். கடைசியில் மகன் முன்னிலையில் புதுப் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பின் டிவிஆரையும் கையால் போட்டதிலிருந்து எடுத்து, ரூட்டரிடம் கேட்டு வாங்கும்படி மாற்றி, 10-ஐ அதற்கே ரிசர்வ் செய்தோம்.

விளைவு

வடகிழக்குப் பருவமழையில் எங்கள் பகுதியில் கரன்ட் அடிக்கடி போய் வந்தது. பிரிண்டர் ஒரு தடவையும் ஆஃப்லைன் ஆகவில்லை, பட்டியலில் இன்றைக்கும் ஒரே பிரிண்டர்தான் இருக்கிறது. கேமரா வெளியிலிருந்து தெரிகிறது. ஃபைல் சர்வர் திறக்கிறது. ஸ்டாட்டிக் ஐபிக்கு மாதப் பணம் எதுவும் கட்டவில்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது

வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் முதலிலேயே உட்கார்ந்து கேட்பேன், கூப்பிட்டவரிடம் மட்டும் அல்ல. ஆயாவின் நாடகம் நிற்பது முதல் புகாராக வந்திருந்தால் டிவிஆர் மோதலை நேராகப் போய்ப் பிடித்திருக்கலாம்.

தொகுதி எண்ணைத்தான் முதலில் முடிவு செய்வேன். யாராவது விபிஎன் பயன்படுத்துகிறார்களா, அவர்கள் ஆஃபீஸ் எந்த எண்ணில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, 0-உம் 1-உம் இல்லாத ஒன்றுக்கு மாற்றிய பிறகே ரிசர்வேஷன்களைப் போடுவேன். வேலை ஒரே தடவையில் முடியும்.

கேமரா மாட்டுகிற அன்றைக்கே பாஸ்வேர்டை வாங்கி நோட்டில் எழுதச் சொல்லி இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். உங்கள் வீட்டு வாசலைப் பார்க்கும் கண்ணின் சாவி இன்னொருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது.

ரூட்டருக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்றை மகன் பிறகு ரிச்சி தெருவில் வாங்கி மாட்டினார். அதை முதலிலேயே மாட்டியிருக்கலாமே என்று கேட்டார்கள். மாட்டியிருந்தால் ரூட்டர் அணையாது, பட்டியல் அழியாது, மோதல் வெளியே தெரியாமல் உள்ளேயே கிடந்து என்றைக்காவது ஒரு நாள் கிளம்பியிருக்கும். முகவரியை ஒழுங்குபடுத்திய பிறகு மாட்டியதுதான் சரியான வரிசை என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று. ரிசர்வேஷன் எல்லாம் ரூட்டருக்குள்தான் இருக்கிறது. இணைய நிறுவனத்தை மாற்றினாலோ ரூட்டர் கெட்டு வேறு வந்தாலோ எல்லாம் போய்விடும். அமைப்புகளைச் சேமித்த கோப்பு மகனின் மெயிலில் இருக்கிறது, ஆனால் அது அதே மாடல் ரூட்டரில் ஏற்றத்தான் உதவும். வேறு மாடல் வந்தால் பெரியவரின் நோட்டைப் பார்த்துக் கையால் பதிய வேண்டியதுதான். அதில் மொத்தமே மூன்று வரி.